ஜீப்பின் விலை வேறு, ஜீப்பை வைத்திருக்கும் விலை வேறு

அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். புடவைக்கடை வைத்திருப்பவர், கணக்கில் கெட்டிக்காரர். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பு நிறத்தில் மினுமினுக்கும் போர்ஷ் கயேன் ஜீப்.

"காக்கா, ஒரு பிராடோ எடுக்கிற காசுல அரைவாசிகூட இல்ல. டேர்போ எஞ்சின், நாலாயிரத்து ஐந்நூறு சிசி. எடுக்கட்டா?"

"தம்பி, அது ஏன் அரை விலைக்கு வருதுன்டு விக்கிறவர்ட கேட்டீங்களா?" என்றேன். சிரித்தார். கேட்கவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அந்தத் தம்பிக்கு நின்ற நிலையில் சொன்னதை இங்கே விபரமாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அரசாங்கமே விற்ற வாகனங்கள்

2025ஆம் ஆண்டு ஜனாதிபதி செயலகம் தன்னிடமிருந்த சொகுசு வாகனங்களைக் கேள்விப்பத்திரம் கோரி விற்பனைக்கு விட்டது நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் லேண்ட் ரோவர், நிசான் பட்ரோல், மொன்டெரோ ஆகியவற்றோடு ஒரு போர்ஷ் கயேனும் இருந்தது. எரிபொருள் செலவும் பராமரிப்புச் செலவும் தாங்க முடியாதவை என்பதே விற்பனைக்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரு நாட்டின் திறைசேரிக்கே பாரமாகிப்போன செலவை, பிரதான வீதியில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் தோளில் தூக்கப் பார்க்கிறார் என்றால் முதலில் கணக்குப் பார்க்க வேண்டாமா?

வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய டொயோட்டாக்களின் விலை எங்கோ போனது. ஆனால் பழைய ஐரோப்பிய சொகுசு ஜீப்புகள் அந்த அளவுக்கு ஏறவில்லை. சந்தை முட்டாளல்ல. வாங்கிய பிறகு வரப்போகும் செலவைக் கழித்துக்கொண்டுதான் அது விலை பேசுகிறது. மலிவு என்று நாம் நினைப்பது, முந்திய உரிமையாளர் செய்யாமல் விட்ட திருத்த வேலையின் பெறுமதியாகவும் இருக்கலாம்.

வாகனம் எப்படிப்பட்டது?

குறை சொல்வதற்கு முன் நியாயமாகப் பேசுவோம். கயேன் நல்ல வாகனம். 2002இல் வெளியான இது, வொக்ஸ்வாகன் கம்பனியோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. முதல் தலைமுறை டேர்போ மாதிரிக்கு எட்டு சிலிண்டர், 450 குதிரைவலு. நிறை இரண்டேகால் தொன்னுக்கு மேல். அந்தப் பாரத்தோடு மணிக்கு 266 கிலோமீற்றர் வேகம் வரை போகும். ஜேர்மன் நாட்டு அதிவேகப் பாதைக்கு அது பொருத்தம். நமது ஊருக்குள் சட்டப்படி 50, வெளியே 70. நாம் பாவிக்கவே முடியாத வலுவுக்கு, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் பராமரிப்புச் செலவு கட்ட வேண்டும் என்பதுதான் விடயம்.

வழமையாக வரும் பழுதுகள்

முதலாவது, கூலன்ட் குழாய். முதல் தலைமுறை எட்டு சிலிண்டர் எஞ்சினில், இரண்டு பக்க சிலிண்டர்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் போகும் குழாய்கள் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருந்தன. வருடக்கணக்கில் சூடு பட்டு அவை பிஸ்கட் போல உடையும். நீர் முழுவதும் கொட்டும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறி நாசமாகும். 2003 முதல் 2006 வரையான மாதிரிகளை வைத்திருந்த அமெரிக்க உரிமையாளர்கள் இதற்காகக் கூட்டு வழக்கே தொடுத்தார்கள். பரிகாரம், அலுமினியக் குழாய் போடுவது. குழாயின் விலை பெரிதல்ல. மேலே உள்ளவற்றைக் கழற்றி அந்த இடத்தை அடைவதற்கான கூலிதான் பெரிது.

இரண்டாவது, எஞ்சினிலிருந்து பின் சில்லுக்கு வலுவைக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்ட். அதன் நடுவில் தாங்கி நிற்கும் பெயாரிங்கைச் சுற்றியுள்ள இறப்பர் கிழிந்துபோகும். ஓடும்போது ஆசனத்துக்குக் கீழே யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வரும்.

மூன்றாவது, காற்றில் நிற்கும் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. பையில் சிறு கசிவு வந்தால், இரவு நிமிர்ந்து நின்ற ஜீப் ஸுபஹுக்கு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கசிவை ஈடுசெய்ய கொம்பிரசர் ஓய்வின்றி ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு சிறிய பழுதைத் தள்ளிப்போட்டால் அது இரண்டு பெரிய பழுதாகும்.

நான்காவது, பற்றவைக்கும் கொயில்கள். எட்டு சிலிண்டருக்கு எட்டு. ஒன்று வெடித்தால் எஞ்சின் உதறும். ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்பதால் எட்டையும் மாற்றுவதே வழமை.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் பயங்கரமானது. சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழுவது. எஞ்சினில் தட்டும் சத்தம், எண்ணெய் குறைதல், புகை ஆகியவை அறிகுறிகள். குளிர் நாடுகளில்தான் இது அதிகம். ஆனால் அங்கே பாவித்து இங்கே வந்த வாகனம் அந்தக் கீறலையும் கூடவே கொண்டு வந்திருக்கலாம். இதற்கான திருத்தச் செலவு சில வேளை வாகனத்தின் விலையையே தாண்டும்.

2010க்குப் பின் வந்த இரண்டாம் தலைமுறையில் முதல் இரண்டு பிரச்சினைகளும் குறைந்தன. ஆனால் நான்கு சில்லுகளுக்கும் வலுவைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் கேஸ் புதிய தலையிடியானது. ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் பக்கம் போனாலும் கதை பெரிதாக மாறாது. அங்கேயும் காற்று சஸ்பென்ஷன் உண்டு. 5.0 லீற்றர் எஞ்சினின் ஆரம்ப மாதிரிகளில் டைமிங் செயின் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

நமது வாவிக்கரையில் கூடுதலாக

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்று நமது இரும்பு கேற்றையே தின்கிறது. வயர் இணைப்புகளும் பிரேக் குழாய்களும் தப்புமா? மார்கழி மழை வேறு. கயேனின் முன் கண்ணாடிக்குக் கீழேயும் சன்ரூஃபிலும் மழைநீர் வடிந்தோட சிறு துவாரங்கள் உண்டு. மர நிழலில் நிறுத்தி இலை விழுந்து அவை அடைத்தால் நீர் உள்ளே இறங்கும். இந்த ஜீப்பின் பெற்றரி முன் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. தரைவிரிப்புக்குக் கீழே வயர்கள் ஓடுகின்றன. அங்கே நீர் தேங்கினால் கதவு திறக்காது, ஸ்டார்ட் வராது, டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். வெள்ளத்தில் ஓட்டாமலே வெள்ளத்தில் அகப்பட்ட வாகனமாகிவிடும்.

அப்போது யார் திருத்துவது? நமது மெக்கானிக்மார் திறமைசாலிகள்தான். ஆனால் இந்த வாகனத்துக்கென்றே உள்ள ஸ்கேனர் இல்லாமல் அவர்களால் என்ன செய்ய முடியும்? லொறியில் ஏற்றிக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். பஞ்சிகாவத்தையில் டொயோட்டாவுக்கு வரிசையாகக் கிடைப்பது போல இதற்குப் பழைய உதிரிப்பாகம் கிடைக்காது. நாட்டில் ஓடுவதே சொற்பம் என்றால், உடைத்து விற்க எங்கிருந்து வரும்?

டொலரில் ஒரு கணக்கு

ஒரு உதாரணத்துக்குக் கணக்குப் போடுவோம். கூலன்ட் குழாய் வேலை 1,500 டொலர், ஷாஃப்ட் 1,000, முன் காற்றுத் தாங்கிகள் இரண்டும் 2,000, கொம்பிரசர் 600, கொயில்கள் 400. மொத்தம் 5,500 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 16 இலட்சத்து 50 ஆயிரம். இதே பட்டியல், 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது 11 இலட்சம். மே மாதம் 360ஐத் தொட்டபோது 19 இலட்சத்து 80 ஆயிரம். வாகனத்தை ரூபாவில் வாங்குகிறோம், அதன் பழுதை டொலரில் வாங்குகிறோம். அனுப்பும் கூலியும் சுங்கமும் இதற்கு வெளியே. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் தேய்ந்து பழுதாவதற்குக் காப்புறுதி பணம் தராது.

எரிபொருளையும் பார்ப்போம். கொழும்புக்குப் போய் வர ஏறத்தாழ 630 கிலோமீற்றர். லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் என்றால் 105 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் 31,500 ரூபா. இந்த எஞ்சினுக்கு 92 ஒக்டேன் போதாது, விலை கூடிய 95தான் அடிக்க வேண்டும். மாதம் இரண்டு தடவை புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர் தானே பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் கண்ட ஒருவர்

எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி இப்படி ஒரு ஐரோப்பிய ஜீப் வாங்கினார். எந்த வகை, யாரிடம் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. ஆறு மாதம் ஊரே பார்த்தது. ஏழாம் மாதம் எஞ்சின் சூடேறியது. நோன்புப் பெருநாளுக்குச் சரக்கெடுக்க வைத்திருந்த காசு கராஜுக்குப் போனது. பெருநாள் சீசனில் அவருடைய கடையில் பாதி இறாக்கை வெறுமையாக இருந்தது. வழமையாகக் கடனுக்குச் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி, "ஹாஜியார் ஜீப் வாங்கியிருக்கிறார், கையில் காசு இருக்கும்" என்று நினைத்துப் பழைய பாக்கியைக் கேட்டார். ஜீப் அவருக்கு மரியாதையைக் கொண்டுவரும் என்று நினைத்தார். கடனைத்தான் வாசலுக்குக் கொண்டுவந்தது.

கடைசியில் விற்க முடிவெடுத்தார். தரகர் ஒருவர் யோசனை சொன்னார்: "ஸ்கேனரைப் போட்டு எச்சரிக்கை விளக்கை அணைச்சிட்டுக் காட்டுவம் ஹாஜியார். ரெண்டு நாளைக்கு எரியாது. அதுக்குள்ள வித்திடலாம்." இவர் மறுத்துவிட்டார். வாங்க வந்தவரிடம் எல்லாப் பழுதையும் எழுதியே கொடுத்தார். கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நட்டம்தான். ஆனால் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், அடியில் இருந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று அந்த வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தைச் சிறு வயதில் ஓதியவர் அவர். ஈரத்தை மேலே வைத்து விற்றார். இன்று கடை மீண்டும் நிமிர்ந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

கடையில் உள்ள சரக்கு சுழலும். இலாபம் தரும், வேலையாட்களுக்குச் சம்பளம் தரும், வருடம் முடிய அதிலிருந்து ஸக்காத்தும் போகும். முற்றத்தில் நிற்கும் ஜீப் சுழலாது.

அப்படியும் வாங்குவதென்றால்

வசதி இருப்பவர் வாங்குவதை நான் தடுக்கவில்லை. ஆனால் இவற்றைச் செய்யுங்கள்.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள்.

இரவு சமதரையில் நிறுத்தச் சொல்லி, நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து, காலையில் மறுபடி அளவுங்கள்.

தரைவிரிப்பைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமோ நாற்றமோ இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

கூலன்ட் குழாய் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வாய்ப்பேச்சு பற்றுச்சீட்டாகாது.

கொழும்பில் இந்த வாகனம் தெரிந்த கராஜ் ஒன்றில் லிஃப்டில் தூக்கி, ஸ்கேன் பண்ணி, அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் போகும் காசு வீணல்ல.

கடைசியாக, வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் இரண்டு வருடத் திருத்த வேலைக்கென்று தனியாக ஒதுக்குங்கள். அந்தப் பங்கு வியாபார முதலிலிருந்துதான் வர வேண்டும் என்றால் அந்த ஜீப் உங்களுக்குரியதல்ல.

அந்தப் புடவைக்கடைத் தம்பி மறுநாள் கடைக்கு வந்தார். "காக்கா, விக்கிறவர்ட கூலன்ட் குழாய் மாத்தின பில்லைக் கேட்டன். போனை வெச்சிட்டார்" என்றார். அந்தக் காசில் அவர் இப்போது ஒரு நல்ல டீசல் வேன் பார்த்துக்கொண்டிருக்கிறார். சரக்கும் ஏற்றலாம், குடும்பமும் போகலாம். அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக.