அளவில்லாத சைக்கிளைத் தலையில் கட்டினால்

2022 ஜூன் மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, கொழும்பின் சைக்கிள் கடைகளில் சனம் முண்டியடித்தது. விலை எகிறியது. இருந்ததை வாங்குவதே பெரும்பாடு, அளவு பார்த்து வாங்க யாருக்கு நேரம்? அந்த அவசரத்தில் வாங்கிய சைக்கிள்களில் பல இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தில் தூசி பிடித்து நிற்கின்றன. வாங்கிய பெண்களைக் கேட்டால், “எனக்குச் சரிவரவில்லை” என்பார்கள். சரிவராதது பெரும்பாலும் சைக்கிள்தான்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் பறந்த பெண்பிள்ளை, கொழும்புக்கு வந்ததும் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்பது நமக்குப் பழகிப்போன காட்சி. அவர்களில் சிலரும், பெடலில் காலே வைத்திராத சிலரும் இப்போது ரோட் பைக் வாங்க நினைக்கிறார்கள். நல்லது. கடைக்குப் போகுமுன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் அளவு, உங்கள் உரிமை.

ரோட் பைக் என்பது வளைந்த ஹான்டிலும் ஒல்லி ரயரும் உள்ள, முன்னே குனிந்து ஓட்டும் வண்டி. வீட்டில் நின்ற லேடீஸ் சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்கினால் காரியம் முடிந்துவிடும். இதில் முடியாது. சீட்டுக்கும் ஹான்டிலுக்கும் இடையிலுள்ள தூரம்தான் இங்கே முக்கியம், அது சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) அளவோடு பிறந்தது. பெரிய வண்டியில் சீட்டைப் பதித்தால் கால் நிலத்தில் முட்டும், கை எட்டாது. கழுத்து உளையும், விரல் விறைக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, பிறேக் பிடியை விரல் முழுதாகச் சுற்றிப் பிடிக்காது.

157 சென்ரிமீற்றர், அதாவது 5 அடி 2 அங்குல உயரமுள்ள பெண்ணுக்குப் பொதுவாக 44 முதல் 49 சென்ரிமீற்றர் வரையான சட்டம் பொருந்தும். கம்பனிக்குக் கம்பனி சற்று மாறும். கடையில் நிற்பதோ பெரும்பாலும் 52, 54. “ஓடஓடப் பழகிவிடும் தங்கச்சி” என்று சொல்லி அதைத்தான் நீட்டுவார்கள். சைக்கிள் வியாபாரத்தில் பெண்களிடம் அதிகம் சொல்லப்படும் பொய் இதுதான் என்பது என் கணிப்பு. பாரின் மேல் கால்களை அகட்டி நின்றால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். ஹான்டிலைத் திருப்பும்போது பெடலிலுள்ள காலின் பெருவிரல் முன் ரயரில் உரசுகிறதா என்று பாருங்கள். சிறிய சட்டங்களில் இது சகஜம், முதலே தெரிந்தால் விழமாட்டீர்கள். எந்தப் பிடி முன் பிறேக் என்றும் கேளுங்கள், நாட்டுக்கு நாடு இது மாறும். சீட் அகலம் இடுப்பெலும்புக்குப் பொருந்தாவிட்டால் சீட்டை மட்டும் மாற்றலாம், அதற்காக வண்டியை வேண்டாம் என்னாதீர்கள்.

‘பெண்களுக்கான மொடல்’ என்ற ஸ்டிக்கருக்கு மயங்கவும் வேண்டாம், அது இல்லையே என்று ஏங்கவும் வேண்டாம். ஜயன்ட் கம்பனி 2008இல் பெண்களுக்கென்றே லிவ் என்ற பெயரைத் தொடங்கி இன்றும் நடத்துகிறது. ஸ்பெஷலைஸ்ட் கம்பனியோ, ஆண் பெண் என்று சட்டத்தைப் பிரிப்பதில் பொருளில்லை என்று தன் அளவீடுகளைக் காட்டி அந்தப் பிரிவைக் கைவிட்டது. ஸ்டிக்கர் இல்லாமலும் ஓட்டலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்களுடையதையே வாங்கினார்கள், பாரில் பிள்ளையை ஏற்றலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இனி உங்கள் உரிமை, அதாவது நாட்டுச் சட்டம். 1896ஆம் ஆண்டிலிருந்தே நம்மிடம் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது அதில் அடங்கிய நிபந்தனை. ஆகவே வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். “என் உயரம் இவ்வளவு, வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குத் தினமும் போக, எனக்குப் பொருந்தும் அளவு எது?” என்று கடைக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஆனால் அதே சட்டம், நீங்கள் பார்த்துச் சோதித்து வாங்கியிருந்தால், சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்குத் தரம் பற்றிய பாதுகாப்பைத் தராது. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள் வாங்குவோர் இதை மறக்கக்கூடாது. ஒட்டுகளில் வெடிப்பு, செயின் தேய்வு, றிம் கோணல் எல்லாம் காசு கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை. தனியாளிடம் வாங்கினால், பெடல் அச்சின் அடியில் பொறித்த தொடரிலக்கத்தைப் படமெடுத்து, அவர் எழுதிக் கையெழுத்திட்ட துண்டும் வாங்குங்கள். நாளைக்கு அது களவுபோன சைக்கிள் என்று யாராவது வந்து நிற்கலாம்.

பற்றுச்சீட்டு கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். கடைகள் உத்தரவாதத்தை மீறினால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அது உத்தரவிட முடியும். தொலைபேசி 1977. ‘விற்ற பொருள் மீளப்பெறப்படமாட்டாது’ என்று சுவரில் தொங்கும் அட்டை இந்த உரிமையை அழித்துவிடாது. நம்மவர்களில் பலர் கடைக்காரருடன் பேசிப் பேசியே அந்த மூன்று மாதத்தைத் தொலைக்கிறார்கள். பேச்சு நடக்கட்டும், கடிதமும் போகட்டும்.

வீதிக்கு வந்தால், வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஆபத்து வேறுவேறு. காலி வீதியில் பஸ் சொல்லாமல் கொள்ளாமல் இடப்பக்கம் ஒதுங்கும். மரைன் டிரைவ் எவ்வளவோ மேல், ஆனால் உப்புக்காற்று செயினைத் தின்னும், அடிக்கடி துடைத்து எண்ணெய் விட வேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள். அவற்றின் இடப்பக்கத்தில், சாரதியின் கண்ணுக்குப் படாத இடத்தில், ஒருபோதும் நிற்காதீர்கள். வடிகான் மூடியின் நீளத் துளையில் ஒல்லி ரயர் மாட்டும், 28 மில்லிமீற்றருக்குக் குறையாத ரயராக எடுங்கள். சுடிதார் போடுபவர்கள் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ரோட் பைக்கில் செயின் கவசம் கிடையாது. மோதுப்பட்டால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். காயம் சிறிதென்றாலும் வாகன இலக்கத்தைக் குறித்துப் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள், பதிவில்லாமல் காப்புறுதியிடம் போய் எதையும் கேட்க முடியாது.

இன்னொரு ஆபத்தை வீட்டுக்காரர் முதலில் சொல்வார்கள்: “றோட்டில பொடியள் சும்மா விடுவாங்களா?” பஸ்ஸில் மட்டும் விடுகிறார்களா? ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் இலங்கை ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளான பெண்கள் 90 வீதம். பொலிஸை நாடியவர்கள் 4 வீதம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவுக்கும் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம் என்கிறது. மோட்டார் சைக்கிளில் உரசிக்கொண்டு வந்து தூஷணம் பேசிப் போகிறவனும் இதற்குள் அடக்கம். இலக்கத்தகடு, நேரம், இடம் மூன்றையும் உடனே போனில் குறியுங்கள். அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பொலிஸ் நிலையத்தில் உங்கள் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், வாசிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்திடாதீர்கள். தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கொழும்பிலும் தருகிறது. மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் பதவியையும் திகதியையும் எழுதி அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.