கத்தி பிடிக்கும் கை – 9: முடிச்சுக்கு மார்க் போடுவது எப்படி?

சென்ற இதழில் ஊசியைப் பார்த்தோம். இந்த வாரம் அதன் பின்னால் வரும் நூல், அந்த நூலின் முடிச்சு.

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. ஆண்டுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். அங்கே முடியாதென்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். விசைப்படகில் வலையிழுக்கும் கயிற்றில் விரல் மாட்டி ஒருவர் நள்ளிரவில் வந்து இறங்கினால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தையல் போட முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன்தான். அவருக்கு முடிச்சுப் போடத் தெரியும் என்று யார், எதைப் பார்த்துச் சொன்னார்கள்?

முடிச்சு கண்ணை ஏமாற்றும். வலது நூலை இடதின்மேல் போட்டு ஒரு சுற்று, இடதை வலதின்மேல் போட்டு அடுத்த சுற்று. இரு நுனிகளையும் சம இழுப்பில் எதிரெதிராக இழுத்தால் சதுர முடிச்சு தட்டையாகப் படியும். இரண்டு சுற்றும் ஒரே வாட்டத்தில் விழுந்தால் அது 'கிரானி' முடிச்சு. ஒரு நூலை மட்டும் மேலே தூக்கி இழுத்தால், மற்றது அதன்மேல் சறுக்கும் வெறும் சுருக்கு. நுனியை நறுக்கிய பிறகு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ரத்தக்குழாயைக் கட்டிய முடிச்சு வார்டில் ரத்த அழுத்தம் ஏறும்போது நழுவினால்தான் வித்தியாசம் புரியும்.

நூலும் கணக்கில் சேரும். பின்னலிட்ட பட்டு நூலுக்கு மூன்று சுற்று பொதுவாகப் போதும். ஒற்றையிழை நைலானும் புரோலீனும் வழுவழுப்பானவை; ஐந்தாறு சுற்றாவது வேண்டும். பாம்பன், மண்டபம் கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பருத்தி வலை போய் நைலான் வந்தபோது பழைய முடிச்சு நழுவியது, கண்ணி அகன்றது. வழுக்கும் இழைக்கு இன்னொரு சுற்று சேர்ந்தது. வலையைப் பழுதுபார்க்கும் கை, முடிச்சைப் போட்டதும் ஒரு வெடுக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கண்ணிக்கு நகர்கிறது.

அறுவை சிகிச்சைப் பயிற்சியில் அந்த வெடுக் வந்து சேர நெடுநாளாயிற்று. பல தலைமுறைகளாக மூத்தவர் பக்கத்தில் நின்று பார்த்து, "பையன் தேறிட்டான்" என்பார்; அதுதான் தேர்வு. 1990-களில் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரெஸ்னிக்கின் குழு இதை மாற்ற முனைந்தது. வேலையைப் பல நிலையங்களாகப் பிரித்து, திசுவை மென்மையாகக் கையாள்கிறாரா, வீண் அசைவு உண்டா, கருவி கைக்கு அடங்குகிறதா என ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியிலோ கைகளில் உணர்கருவி பொருத்தி அசைவுகளையே எண்ணினார்கள். தேர்ந்த கை குறைவாகத்தான் அசைகிறது. லேப்ராஸ்கோப்பி பயிற்சிக்கான அமெரிக்கத் தேர்வில், கருவிகளாலேயே உள்ளே முடிச்சுப் போடும் பணிக்கு 600 விநாடி வரம்பு உண்டு. முடித்ததும் முடிச்சை இழுத்துப் பார்ப்பார்கள். வழுக்கினால் 10 மதிப்பெண் போகும், பிரிந்தால் 20.

எப்படிப் பழகுவது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 38 இளநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு நுண் ரத்தக்குழாயை இணைக்கும் நான்கு பாடங்கள். பாதிப்பேருக்கு ஒரே நாளில், மீதிப்பேருக்கு வாரத்துக்கு ஒன்றாக. ஒரு மாதம் கழித்து உயிருள்ள எலியில் செய்யச் சொன்னபோது வாரம் ஒன்றாகக் கற்றவர்களே மேல். 2006-ல் வெளியான ஆய்வு இது. ஒருநாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் நம் வழக்கத்தை இதற்குப் பிறகும் நியாயப்படுத்த முடியாது.

2019-ல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மாதிரிச் சூழலில் தையல் போட்டுக் காட்டுவதைக் கட்டாயத் திறனாக வைத்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் லாக் புக்கில் விழும் கையெழுத்து, மாணவர் செய்தார் என்று மட்டுமே சொல்லும். முடிச்சு நின்றதா என்று சொல்லாது. அதைச் சோதிக்கப் பெரிய செலவும் இல்லை. விடுதிக் கட்டில் கம்பியும் மிஞ்சிய நைலானும் பழகப் போதும். தேர்வன்று, ஒரு குழாயைச் சுற்றிப் போட்ட முடிச்சின் எதிர்ப்பக்கத்தில் வளையத்தை வெட்டி, வெட்டிய ஒரு முனையைக் கொக்கியில் கட்டி, மறுமுனையைச் சின்ன ஸ்பிரிங் தராசால் இழுக்கலாம். பல ஆய்வுகளில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வழுக்கினால் தோல்வி. நூலே அறுந்து, முடிச்சு அப்படியே நின்றால் தேர்ச்சி.