படம் திருத்த மடிக்கணினி: புதிது வாங்குவதா, பழையதைப் புதுப்பிப்பதா?

திருமண வீட்டில் பந்தி முடிந்து, விருந்தினர் விடைபெற்று, பந்தல் பிரிக்கப்படும் நேரத்தில்தான் படமெடுத்த இளைஞரின் பெரும்பணி ஆரம்பமாகிறது. ஒரே நாளில் எடுத்த ஈராயிரம் படங்களிலிருந்து முந்நூறைத் தேர்ந்தெடுத்து, ஒளி குன்றியவற்றுக்கு ஒளியேற்றி, நிறம் பிறழ்ந்தவற்றைச் சீராக்கி, ஆல்பமாக அமைத்துத் தரவேண்டும். முன்னர் ஸ்டூடியோவின் இருட்டறையில் நடந்த இவ்வேலை இப்பொழுது வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியின் முன் நடைபெறுகிறது. “லேப்டாப் வாங்கித் தாருங்கள் வாப்பா” என்று மகன் கேட்கும்போது, விலை அறுபதாயிரமா எண்பதாயிரமா என்று விசாரிக்கும் பெற்றோர் பலர். அந்தத் தொகை கணினியின் எந்த உறுப்புக்குப் போகிறது என்று விசாரிப்போர் மிகச் சிலரே.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் தம் தாயாரின் இரு வளையல்களை விற்று மடிக்கணினி வாங்கினார். படம் திருத்துவதற்கு என்று அவர் சொன்னதும், கடைக்காரர் ‘கேமிங்’ வகையைச் சார்ந்த ஒன்றை எடுத்து வைத்தார். விசைப்பலகையில் வண்ண விளக்குகள் மின்னின. திரையின் வேகம் 144 ஹெர்ட்ஸ் என்று பெருமையாகக் கூறப்பட்டது. முதல் ஆல்பம் தயாரானது. மணப்பெண்ணின் அரக்கு நிறப் பட்டு திரையில் சற்று மங்கித் தெரியவே, அவர் நிறத்தைக் கூட்டினார். அச்சாகி வந்தபோது பட்டு நெருப்பாய்ச் சிவந்திருந்தது; முகங்களோ செங்கல் நிறத்தில் இருந்தன. பெண் வீட்டார் அதை ஏற்க மறுத்துவிட்டனர். தம் சொந்தச் செலவில் முழு ஆல்பத்தையும் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார். அச்சகத்தின்மீதும் குற்றமில்லை, அவர் கண்ணிலும் குற்றமில்லை. திரை பொய் சொல்லியிருந்தது!

விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றின் விவரக் குறிப்பில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்றொரு வாசகம் காணப்படும். என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக வகுக்கப்பட்ட நிற அளவு. இணையத்திலும், கைப்பேசிகளிலும், பெரும்பாலான ஆல்பம் அச்சகங்களிலும் இன்று பொது அளவாக வழங்குவது எஸ்ஆர்ஜிபி. எச்பி நிறுவனமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இணைந்து 1996இல் முன்வைத்தது. 45 சதவீத என்டிஎஸ்சி திரையால் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைத்தான் காட்ட இயலும். எஞ்சிய பங்கு அடர்ந்த சிவப்பும் பச்சையும் நீலமும். திருமணப் பட்டின் நிறங்களே அவைதாம். அத்தகைய திரையின் முன் அமர்பவர், இல்லாத குறையைச் சரிசெய்ய முனைந்து, நன்றாயிருந்த படத்தைக் கெடுத்துவிடுகிறார். 72 சதவீத என்டிஎஸ்சி என்றிருந்தால் அது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். ஆகவே கடைக்குச் சென்றதும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம்?” என்பதாகும். நூறு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு என்ற விடை வந்தால் மேற்கொண்டு பேசலாம். கடைக்காரர் விழித்தால், அந்த மாடலின் விவரத் தாளை நீங்களே தேடிப் படியுங்கள்.

திரை ஐபிஎஸ் அல்லது ஓஎல்இடி வகையாக இருப்பது நல்லது. பழைய டிஎன் வகைத் திரையில் தலையைச் சற்றே உயர்த்தினாலும் படத்தின் ஒளி மாறிவிடும். திரையின் ஒளியை முழு அளவில் வைத்துக்கொண்டு படம் திருத்துவதும் தவறான பழக்கம். திரையில் பளிச்சென்றிருக்கும் படம் தாளில் இருண்டு போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். தொழிலாகச் செய்வோர், திரையின் நிறத்தை அளந்து சீர்செய்யும் சிறு கருவியொன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது ரேம் எனப்படும் நினைவகம். இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 24 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள், நிறத்துக்கு இரண்டு பைட். ஆக 144 எம்பி. கேமராவின் அட்டையில் முப்பது எம்பி அளவுக்குச் சுருங்கிக் கிடந்த படம் போட்டோஷாப்பில் திறந்தவுடன் இவ்வளவு இடம் கேட்கிறது. அதன்மேல் ஐந்தாறு முழு அடுக்குகளை வைத்தால் ஒரே படம் ஒரு ஜிபியை நெருங்கிவிடும். விண்டோஸும் பிற செயலிகளும் எடுத்துக்கொண்டது போக 8 ஜிபியில் மீதம் இருப்பது கொஞ்சமே. இடம் போதாதபோது கணினி வட்டை நாடி ஓடுகிறது, வேலை தேங்குகிறது. 16 ஜிபி இருந்தால் திருமணப் படங்களை நிம்மதியாகத் திருத்தலாம். பல படங்களை ஒட்டி அகலப்படம் செய்வோருக்கு 32 தேவைப்படும்.

‘இப்பொழுது எட்டு போதும், பின்னர் கூட்டிக்கொள்ளலாம்’ என்று எண்ணுவோர் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். 2012இல் ஆப்பிள் நிறுவனம் தன் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரேமைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்தது. மெல்லிய மடிக்கணினிகள் பல இன்று அவ்வழியில்தான் செல்கின்றன. 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏரின் திரை நிறத்தில் மிகச் சிறந்தது. ஆயினும் 8 ஜிபியுடன் அதை வாங்கியவர் கடைசிவரை 8 ஜிபியுடன்தான் இருக்கவேண்டும். விவரத் தாளில் ‘எல்பிடிடிஆர்’ என்றிருந்தால் பெரும்பாலும் அது பற்றவைக்கப்பட்ட ரேம். அத்தகையதை வாங்குவதானால் தேவையான அளவை முதல் நாளே வாங்கிவிட வேண்டும். மேலும், 2025இன் இறுதி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை கடுமையாக ஏறிற்று. எனவே விலை இறங்கும் என்ற நம்பிக்கையில் காத்திருப்பதும் எப்பொழுதும் கைகொடுப்பதில்லை.

பிராசஸரைப் பற்றித்தான் விளம்பரங்கள் அதிகம் பேசுகின்றன. அண்மை ஆண்டுகளின் நடுத்தர வகை எதுவாயினும் படம் திருத்தப் போதுமானது. தனி கிராபிக்ஸ் அட்டை அவசியமன்று. லைட்ரூமில் 2023 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுப் புள்ளி நீக்கம் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் அது பேருதவி செய்யும். அது இல்லையேல் ஒவ்வொரு படத்துக்கும் சில நிமிடங்கள் காத்திருக்க நேரலாம்.

கையில் பணம் குறைவு எனில் பழையதைப் புதுப்பிக்கும் வழி இருக்கிறது. நான் பெரிதும் விரும்புவது இவ்வழியையே. நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் சென்னை ரிச்சி தெருவில் விற்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 2018இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி480. அதில் ரேமுக்கு இரண்டு இடங்கள் உண்டு. இரண்டிலும் 16 வைத்தால் 32 ஜிபி. ஹார்டு டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றி எஸ்எஸ்டி பொருத்தலாம். மடிக்கணினி ஹார்டு டிஸ்க் வினாடிக்கு நூறு எம்பி அளவில் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறைத் தொடும். டிடிஆர்4 ரேமின் இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது என்பதை வாங்குமுன் நினைவில் கொள்க. வெளி பேட்டரியைக் கழற்றிய பின்னும் டி480இன் உள்ளே மற்றொரு பேட்டரி உண்டு. பயாஸ் அமைப்பில் அதை முடக்கிய பிறகே மூடியைத் திறக்கவேண்டும்.

டி480இன் குறை அதன் திரை. பெரும்பாலானவற்றில் மேற்சொன்ன 45 சதவீத வகையே உள்ளது. முழு எஸ்ஆர்ஜிபி காட்டும் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றைத் தனியே வாங்கி எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தால் அக்குறை தீரும். மடிக்கணினி பின்னர் மாறினாலும் மானிட்டர் நிலைத்திருக்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறையேனும் வேண்டும். டி480இல் 8ஆம் தலைமுறை பிராசஸர் கிடைக்கிறது. அதற்கு முந்தியவை மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பது நன்று. அல்லது லினக்ஸ் நிறுவி, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், கிம்ப் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பணம் கொடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பலகையைக் கண்டு நம்மவர் மகிழ்ச்சியோடு கையொப்பமிடுகின்றனர். கடன் அட்டைகளின் இத்தகைய திட்டங்களில் வட்டி, செயலாக்கக் கட்டணம் என்னும் பெயரில் மறைந்திருப்பதை 2013இலேயே ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டியது. ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வட்டி எங்கே ஒளிந்திருந்தது என்பது பல சமயங்களில் அங்கேயே விளங்கிவிடும்.

எந்த மடிக்கணினியாயினும் படங்களை அதில் மட்டும் வைக்காதீர்கள். எஸ்எஸ்டி பழுதானால் உள்ளிருப்பதை மீட்பது கடினம். ஒரு வீட்டுத் திருமணத்தை மீண்டும் நடத்திப் படமெடுக்க யாரால் இயலும்? வெளி வட்டுகள் இரண்டில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில், உறவினர் பொறுப்பில் வையுங்கள். அவ்விரண்டும் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கேமராவின் அட்டையை அழிக்கலாம்.