ஆனி மூர் எங்கே போனாள்?

1892, ஜனவரி 1. நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவில், அமெரிக்காவின் புதிய குடியேற்ற நிலையம் அன்றுதான் திறக்கப்பட்டது. முதல் ஆளாக உள்ளே நுழைந்தவள் அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த ஆனி மூர். அந்தோணி, பிலிப் என்று இரண்டு தம்பிகளும் கூட வந்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் முன்பே நியூயார்க் போய்விட்டதால், தம்பிகளைக் கரை சேர்க்கும் பொறுப்பு அக்கா தலையில்.

குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் டிசம்பர் 20-ம் தேதி 'நெவாடா' கப்பலில் ஏறியவர்களுக்குக் கிறிஸ்துமஸ் கடலிலேயே கழிந்தது. நியூயார்க்கில் இறங்கியதும் அதிகாரி ஜான் வெபர், ஆனியின் கையில் 10 டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்து வரவேற்றார். மறுநாள் பத்திரிகைகளில் அவள் பெயர் வந்தது.

அதன்பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள்? நூறு வருடத்துக்கும் மேலாக யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததுதான் இதில் வேடிக்கை!

ஊரே நம்பிய கதை

ஆனி மேற்கே டெக்சாஸுக்குப் போனாள், அயர்லாந்தின் புகழ்பெற்ற தலைவர் டேனியல் ஓ'கானலின் வம்சத்தில் வந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள், 1923-ல் டிராம் வண்டி மோதி இறந்துபோனாள். இதுதான் சொல்லப்பட்டு வந்த கதை. புத்தகங்களிலும் ஏறியது. அந்த டெக்சாஸ் குடும்பத்தினர் விழாக்களுக்கு அழைக்கப்பட்டு கௌரவிக்கப்பட்டார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை அப்படியே நம்பினார்கள், அவ்வளவுதான்.

மேகன் ஸ்மொலென்யாக் என்ற அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர், ஓர் ஆவணப்படத்துக்காக இந்தக் குடும்பத்தின் காகிதங்களைப் புரட்டினார். டெக்சாஸ் ஆனியின் பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருந்தது அயர்லாந்து அல்ல, இல்லினாய்! அமெரிக்காவிலேயே பிறந்த பெண், அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து முதல் ஆளாக இறங்கியிருக்க முடியாதே?

அப்படியானால், உண்மையான ஆனி எங்கே?

தம்பி காட்டிய வழி

2006-ம் ஆண்டு மேகன் இணையத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 'அசல் ஆனியைக் கண்டுபிடிக்க உதவுபவருக்கு 1,000 டாலர் பரிசு.' ஆர்வலர்கள் பலர் தேடலில் இறங்கினார்கள். நியூயார்க் நகர ஆவணத்துறை ஆணையர் பிரையன் ஆண்டர்சனும் கைகொடுத்தார்.

ஆனியை நேரடியாகத் தேடுவதில் பெரிய சிக்கல் இருந்தது. மூர் என்பது சாதாரணப் பெயர், ஆனி அதைவிட சாதாரணம். கல்யாணம் ஆனதும் குடும்பப் பெயரும் மாறிவிடும். குடியுரிமை ஆவணத்திலாவது சிக்குவாளா என்றால், அதற்கும் வழி குறைவு. 1922 வரை அமெரிக்கச் சட்டப்படி கணவனின் குடியுரிமையே மனைவிக்கும். அதனால் மணமான பெண்களில் பெரும்பாலோர் பெயரில் தனியாக விண்ணப்பமே இருக்காது.

ஆனால், கூட வந்த தம்பிகளுக்குப் பெயர் மாறாதே! ஆண்டர்சன் தேடியெடுத்தது தம்பி பிலிப்பின் குடியுரிமை ஆவணத்தைத்தான். அங்கிருந்து 1930 சென்சஸுக்குப் போனால், பிலிப்பின் குடும்பம் கிடைத்தது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்தால், உயிரோடு இருக்கும் வாரிசுகள் கிடைத்தார்கள். அவர்கள் வழியாக ஆனியே கிடைத்துவிட்டாள். நூறு வருடப் புதிர், சில வாரங்களில் அவிழ்ந்தது.

கல் இல்லாத கல்லறை

உண்மையான ஆனி டெக்சாஸ் பக்கமே போகவில்லை. நியூயார்க்கின் கீழ் கிழக்குப் பகுதியில், ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த சில தெருக்களுக்குள்ளேயே அவள் வாழ்க்கை முடிந்துவிட்டது. 1895-ல் ஜெர்மானியக் குடும்பத்துப் பிள்ளையான ஜோசப் அகஸ்டஸ் ஷேயரை, செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் மணந்தாள். பத்துக்குக் குறையாத பிள்ளைகள் பெற்றாள். வளர்ந்து ஆளானது 5 பேர் மட்டுமே. மற்றவர்களை ஒவ்வொருவராக மண்ணுக்குக் கொடுத்தவள், 1924-ல் இதயம் செயலிழந்து தானும் கண்மூடினாள்.

குயின்ஸ் பகுதியின் கல்வாரி கல்லறைத் தோட்டத்தில், பறிகொடுத்த பிள்ளைகள் சிலரோடு அவளும் புதைக்கப்பட்டாள். பெயர் பொறித்த கல் ஒன்று வைக்கக்கூட அன்று வழியில்லை. 1993-ல் எல்லிஸ் தீவிலும், இப்போது கோவ் என்று அழைக்கப்படும் குயின்ஸ்டவுனிலும் அவளுக்கு வெண்கலச் சிலைகள் எழுந்தன. சிலைகள் நின்ற காலத்திலும் கல்லறை அடையாளமின்றியே கிடந்தது. 2008-ல்தான் அயர்லாந்திலிருந்து வந்த கல்லில் செதுக்கிய சிலுவை அங்கே நிறுவப்பட்டது.

தாள்கள் சொல்லும் சேதி

ஆனியின் கதை, அயர்லாந்து வேர்களைத் தேடும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு பாடம். 1892 முதல் 1954 வரை எல்லிஸ் தீவு வழியாக மட்டும் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அமெரிக்காவுக்குள் நுழைந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு முன்னோரைக் கண்டுபிடிக்க, எந்தத் தாளில் என்ன இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கப்பல் பயணிகள் பட்டியல்: எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று பல வீடுகளில் சொல்வார்கள். உண்மையில் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே தயாராகிவிடும். தீவில் இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். 1907-க்குப் பிறகான பட்டியல்களில், சொந்த ஊரில் உள்ள நெருங்கிய உறவினர் பெயரும் இருக்கும்.

அமெரிக்க சென்சஸ்: 10 ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பார்கள். 72 ஆண்டுகள் கழித்தே மக்கள் பார்வைக்கு வரும். 1950 சென்சஸ் 2022-ல்தான் திறக்கப்பட்டது. 1900 சென்சஸில் அமெரிக்காவுக்கு வந்த ஆண்டைக் கேட்டார்கள். தாய்மார்களிடம் இன்னும் இரண்டு கேள்விகள்... எத்தனை பிள்ளைகள் பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் ஒரு தாயின் வாழ்நாள் துயரம் அடங்கியிருக்கும். 1890 சென்சஸ் மட்டும் 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தால் கிட்டத்தட்ட முழுதாகவே போய்விட்டது.

குடியுரிமை ஆவணம்: 1906 சட்டத்துக்குப் பிறகான விண்ணப்பங்களில் பிறந்த ஊர், வந்த கப்பல், வந்த தேதி எல்லாம் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்பதோடு சரி.

அயர்லாந்துப் பதிவேடுகள்: 1922 உள்நாட்டுப் போரில், டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான சென்சஸ்களில் பெரும்பகுதி சாம்பல். அடுத்த நான்கு சென்சஸ்களை அரசாங்கமே முன்னதாக அழித்திருந்தது. முழுதாகத் தப்பிய பழைய சென்சஸ்கள் 1901, 1911 இரண்டும்தான். அவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 1864 முதல் எல்லாப் பிறப்புகளும் அரசுப் பதிவேட்டில் உள்ளன. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளே கதி.

வயதை நம்பாதீர்கள்!

ஆனி இறங்கிய அன்று அவளுக்கு 15-வது பிறந்தநாள் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவளுக்கு வயது 17. அந்தக் காலத் தாள்களில் வயது முன்னே பின்னே இருப்பது சகஜம். பெயரின் எழுத்துகளும் அப்படித்தான். கேட்டவர் காதில் விழுந்ததுதான் தாளில் ஏறும். ஆகவே ஒரே ஒரு தாளை வைத்து 'இவர்தான்' என்று முடிவு கட்டக் கூடாது. பெயர், வயது, ஊர், கூட இருந்தவர்கள் என நாலும் பொருந்த வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று சுற்றியிருப்பவர்களைத் தேடலாம்.

டெக்சாஸ் ஆனியின் கதையில் புகழ்பெற்ற வம்சம் இருந்தது, பரந்த மேற்கு இருந்தது. நியூயார்க் ஆனியின் வாழ்க்கையில் இருந்தது ஒண்டுக் குடித்தனமும் பிள்ளைகளின் சாவும்தான். ஆனால், அவள் ஆளாக்கிய 5 பிள்ளைகளின் வழியே பரம்பரை தழைத்தது. அந்தப் பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரன் பேத்திகளும் இன்று பாட்டியின் பெயரைத் தேடிப் போய்ப் படிக்க, கல்வாரியில் ஒரு கல் இருக்கிறது.