எஸ்.எம்.பி.எஸ். கேபிள்: பொருந்தினால் மட்டும் போதாது!

ஸ்ரீபெரும்புதூரில் 2007ஆம் ஆண்டு டெல் நிறுவனம் இந்தியாவில் தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது. அப்படிப்பட்ட தொழிற்சாலையில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குப் பவர் கேபிளைச் செருகுபவருக்குக் குழப்பம் வர வாய்ப்பு குறைவு. ஒரு மாடலுக்கு ஒரு எஸ்.எம்.பி.எஸ்., அதற்கென்றே அளவெடுத்த கேபிள்கள் என எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். வீட்டில் நாமே பாகங்களை வாங்கிச் சேர்க்கும்போதும், ரிச்சி தெருவில் வாங்கிய பழைய பிராண்டட் கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போதும் கதை வேறு. கொத்தாகக் கேபிள்கள் தொங்கும். "எது பொருந்துகிறதோ அதுதான் சரி" என்று பலர் செருகிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் தப்பித்தும் விடுகிறார்கள். கனெக்டரின் துளைகளைப் பாருங்கள். சில சதுரமாகவும், சில ஓரம் மழுங்கியும் இருக்கும். திருப்பிச் செருகினால் நுழையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது.

1998 முதல் சில ஆண்டுகள், அதாவது ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு முன்பு வந்த டெல் டெஸ்க்டாப்களில் 20 பின் கனெக்டர் இருந்தது. பார்க்க மற்ற கம்ப்யூட்டர்களின் ஏ.டி.எக்ஸ். கனெக்டர் போலவே இருக்கும். உள்ளே ஒயர்களின் வரிசைதான் வேறு. கடையில் வாங்கிய சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கனெக்டர் அந்த மதர்போர்டில் அழகாகப் போய் உட்காரும். சுவிட்சைப் போட்டால் மதர்போர்டோ எஸ்.எம்.பி.எஸ்.ஸோ போய்விடும்.

பின்னாளில் வந்த பல டெல், எச்.பி. டெஸ்க்டாப்களில் வழக்கமான 24 பின் கனெக்டரே கிடையாது. பின்கள் குறைந்த தனி வகை கனெக்டர் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட்டை மட்டும் தரும். 5 வோல்ட், 3.3 வோல்ட்டை மதர்போர்டே தயாரித்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்குக்கான பவர் கேபிள்கூட மதர்போர்டிலிருந்துதான் கிளம்பும். இத்தகைய கம்ப்யூட்டருக்கு, மாடல் எண்ணைச் சொல்லி அதற்குரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸையே கேட்டு வாங்குங்கள்.

பாகங்களை நீங்களே சேர்ப்பதானால் 24 பின் கேபிளில் சிக்கல் அதிகம் இல்லை. கிளிப் 'டக்' என்று மாட்டும் வரை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அடுத்தது ப்ராசசருக்கான 4 அல்லது 8 பின் கேபிள். மதர்போர்டின் மேல் மூலையில், ப்ராசசர் அருகே இதற்கான இடம் இருக்கும். புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். மறந்தால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், மானிட்டரில் மட்டும் எதுவும் வராது. மதர்போர்ட் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இந்த மூலையைப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கும் 8 பின் கேபிள் உண்டு. இரண்டும் ஒரே அளவுதான், ஆனால் நேர் எதிரானவை. ப்ராசசர் கேபிளில் கிளிப் உள்ள வரிசையில் 12 வோல்ட் வரும். கிராபிக்ஸ் கேபிளில் அந்த வரிசை கிரவுண்ட். பலம் கொடுத்து மாற்றிச் செருகினால் நேராக ஷார்ட். மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட் என்று முன்பு நிறம் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது பல கேபிள்கள் முழுக்கக் கறுப்பு. எனவே கனெக்டரின் மேல் சி.பி.யு. என்றோ பி.சி.ஐ.இ. என்றோ அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே செருகவும்.

கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். வாங்கினால் கூடுதல் கவனம் தேவை. மதர்போர்ட் பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே முறை. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் அப்படி ஒரு பொது விதி இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறலாம். பழைய கேபிள்தான் நீளமாக இருக்கிறதே என்று புதியதில் மாட்டினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகலாம். ஹார்ட் டிஸ்க் ஒரு நொடியில் கருகிவிடும். வேறு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். அதிலிருந்த கல்யாண போட்டோக்களை எங்கே வாங்குவது? பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தூக்கிப் போடும்போது அதன் கேபிள்களையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

சரியான கேபிளே ஆனாலும் அரைகுறையாகச் செருகினால் ஆபத்து. 2022இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் 16 பின் கனெக்டர் உருகியது. முழுமையாகச் செருகாததே முக்கியக் காரணம் என்று அந்நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் கூறியது. கனெக்டரின் வடிவமைப்பையே குறை சொன்னவர்களும் உண்டு. எப்படியானாலும், கனெக்டருக்கும் கார்டுக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த வேலைகள் அனைத்தையும் சுவர் பிளக்கைக் கழற்றிய பிறகே செய்யவும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் 115/230 என்று சிறிய சிவப்பு சுவிட்ச் இருந்தால், பிளக்கைச் செருகும் முன் அது 230இல் உள்ளதா என்று பாருங்கள். நம் ஊரில் 115இல் வைத்து ஆன் செய்தால் பட்டாசுச் சத்தம்தான் கேட்கும்.