இமயத்தின் தென்கோடியில் ஒரு விடுமுறை

மார்கழி பிறந்துவிட்டால் நம் மரைன் ஹில் வீடுகளில் இமயமலையைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடுகிறது. நைனிதால், ரானிக்கேத், அல்மோரா, கௌசானி என்று ஊர்ப் பெயர்களை ஒருவர் அடுக்க, சிம்லாவில் பனிமழை பெய்யும் நாள் எதுவென்று மற்றொருவர் விசாரிப்பார். மின்விசிறி ஓயாத வீட்டில் அமர்ந்து பனிக்கட்டியைப் பற்றிப் பேசுவதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அரசாங்க உத்தியோகத்தில் உள்ளவர்கள் பயணச் சலுகையைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டும் விடுகிறார்கள். போய்வரட்டும், வெள்ளிமுடி தரித்த நந்தாதேவியை வாழ்நாளில் ஒரு முறையேனும் காண்பது பெரும்பேறே.

ஆயின் எல்லாக் குடும்பங்களுக்கும் அது இயலுமா? சென்னைக்குக் கப்பலில் ஏறினால் மூன்று நாள். அதற்குமேல் டில்லி வரை ரயில், அங்கிருந்து மலையடிவாரம், பின்னர் கொண்டையூசி போல் வளையும் மலைப்பாதை. விமானத்தில் செல்வதென்றாலோ, ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்குக் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்கும்போதே தலை சுற்றும். கடல்மட்டத்திலேயே வாழ்ந்து பழகிய முதியவர்களுக்கு ஏழாயிரம் அடி உயரத்துக் குளிர்காற்று மூச்சுத் திணறலை உண்டாக்குவதும் உண்டு. இவற்றையெல்லாம் எண்ணி, சென்ற டிசம்பரில் நாங்கள் வேறொரு முடிவுக்கு வந்தோம். இமயத்தின் வடபகுதிக்குப் போக முடியாவிட்டால் அதன் தென்பகுதியைப் பார்ப்பது என்பதே அம்முடிவு.

இதைக் கேட்டு நேயர்கள் நகைக்க வேண்டாம். இமயமலைத் தொடர் கிழக்கே நாம்சா பர்வா சிகரத்தை எட்டியதும் தெற்கே திரும்புகிறது. பட்காய், நாகா, மணிப்பூர்க் குன்றுகளாக இறங்கி, பர்மாவின் அரக்கான் யோமாவாக நீண்டு, நெக்ராய்ஸ் முனையில் கடலுக்குள் மறைகிறது. மறைந்ததே தவிர முடிந்துவிடவில்லை. கடலுக்கடியில் தொடர்ந்து சென்று, கோகோ தீவுகளாகவும் அந்தமானாகவும் நிக்கோபாராகவும் தலை நீட்டுகிறது. நாம் குடியிருக்கும் மேடுகளும் நம் பிள்ளைகள் பள்ளிக்கு ஏறி இறங்கும் சரிவுகளும் நீரில் மூழ்கிய அந்த மலைத்தொடரின் முடிகளே. இந்தியப் பெருந்தட்டு ஆசியாவின்மேல் மோதுவதால் இமயம் உயர்கிறது. அதே தட்டு இங்கே கடலடியில் கிழக்கு நோக்கிக் கீழே செருகிக்கொள்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாம் பட்ட பாட்டுக்குக் காரணம் அந்தச் செருகலே. அன்று தென் அந்தமான் தாழ்ந்தது. சிப்பிகாட்டு வயல்கள் கடல்நீரில் மூழ்கியதை நாம் கண்ணால் கண்டோம். அதே வேளையில் வட அந்தமானின் கரைகள் மேலெழுந்து, பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன. மலை பிறப்பதையும் தேய்வதையும் படிப்பதற்கு இதைவிட வேறு பள்ளிக்கூடம் வேண்டுமா?

நமக்கும் ஒரு மலைவாசம் இருந்தது. துறைமுகத்திற்கு எதிர்க்கரையில் தெரியும் ஹாரியட் மலை, ஆங்கிலேயர் காலத்தில் தலைமை ஆணையரின் கோடைத் தலைமையிடமாக விளங்கிற்று. உயரம் 400 மீட்டரைத் தொடாது. சிம்லாவின் முன் அது ஒரு படிக்கட்டு. எனினும் சரித்திரத்தில் அதற்கு இடம் உண்டு. 1872 பிப்ரவரி 8 மாலை அம்மலையிலிருந்து கதிரவன் மறைவதைக் கண்டு இறங்கிவந்த வைசிராய் மேயோ பிரபு, அடிவாரத்து ஹோப்டவுன் படகுத்துறையில் ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு இரையானார். 1891-ஆம் ஆண்டுப் போரில் தோற்ற மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங் உள்ளிட்டோர் இங்கே நாடுகடத்தப்பட்டதை நினைவுகூர்ந்து, 2021-இல் அம்மலைக்கு மணிப்பூர் மலை என்று பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டியவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, அந்த மணிப்பூரிகள் தங்கள் சொந்த மலைத்தொடரின் மறுகோடிக்கே வந்து சிறையிருந்திருக்கிறார்கள்!

இனிப் பயணத்திற்கு வருவோம். 2024-இல் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் போர்ட் பிளேரிலிருந்து வட அந்தமானின் திக்லிபூர் வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை ஓடுகிறது. விடியுமுன் வண்டியில் ஏறி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, காவலர் துணையோடு காட்டைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் வண்டியோடு படகேறிப் பாராடாங்கை அடைவதே எல்லாரும் அறிந்த முறை. சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் அங்கே உண்டு.

எங்கள் வீட்டிலும் முதலில் இந்த வழியைத்தான் பேசினோம். அப்போது என் மகன், "அப்பா, வழியில் ஜாரவாக்கள் தென்படுவார்களாமே! என் வகுப்புத் தோழன் மூன்று பேரைப் பார்த்தானாம்" என்றான், மிருகக்காட்சிச் சாலைக்குப் புறப்படுகிறவனைப் போல. என் மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நம் வீட்டு வாசலில் தினமும் பஸ் நிறைய ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் உனக்கு எப்படியடா இருக்கும்?" என்று கேட்டார். பையனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அந்த வழியின் வரலாறு நம் இல்லங்கள் அறிந்திருக்க வேண்டியது. தங்களை 'அங்' என்று அழைத்துக்கொள்ளும் அம்மக்கள் 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 380 பேர். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட காடு அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. அந்தக் காட்டை ஊடுருவிச் செல்கிறது நெடுஞ்சாலை. சாலை போட வந்தவர்களை அவர்கள் அம்பெய்து எதிர்த்தார்கள். வேலை இடையில் நின்றதும் உண்டு. இறுதியில் சாலை வென்றது. 1997-இல் அவர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் குடியேற்றங்களுக்கு வரத் தொடங்கினார்கள். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. தட்டம்மை என்பது நமக்கு வேப்பிலையும் ஓய்வும்; புதிதாகத் தொற்றுக்கு ஆளாகும் இனத்துக்கோ அது எமன். 1858-இல் தண்டனைக் குடியேற்றம் ஏற்பட்டபோது பல்லாயிரவராக இருந்த பெரிய அந்தமானியர், 1877-ஆம் ஆண்டுத் தட்டம்மையாலும் பிற நோய்களாலும் தேய்ந்து, 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராக எஞ்சினர். அந்த எண்ணை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

2002-இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்குக்காட்டினூடே செல்லும் சாலையை மூட உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைக்கும் காட்சியை ஓர் ஆங்கிலப் பத்திரிகை வெளியிட்டபோது உலகமே முகம் சுளித்தது. 2013-இல் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை வந்து, சில வாரங்களில் நீங்கியது. வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, தின்பண்டம் கொடுக்கக்கூடாது என்னும் விதிகள் நடைமுறையில் உள்ளன. விதிகள் நல்லவையே. எனினும் ஜன்னலோரத்து இருக்கைக்குப் பிள்ளைகள் போட்டியிடுவதை எந்த விதி தடுக்கும்?

நண்பர் ஒருவர் என்னிடம், "பாதை போட்டாகிவிட்டது. நீர் ஒருவர் போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று வாதிட்டார். ரங்கத்திலும் மாயாபந்தரிலும் வாழ்கின்றவர்களுக்குப் பெரிய மருத்துவமனையும் மேற்படிப்பும் இச்சாலையின் இக்கோடியில் இருக்கின்றன. பிரசவ வலியெடுத்தவளைக் கப்பல் வரும்வரை காத்திரு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் விடுமுறைக்குப் போகிறவனுக்கு என்ன அவசரம்? அவசியத்துக்குப் போகிறவர்கள் மட்டும் போனால் வரிசை எவ்வளவு சுருங்கும் என்பதை விடியற்காலையில் ஜிர்காடாங்கில் நின்றவர்கள் அறிவார்கள்.

ஆகவே நாங்கள் கடல்வழியே ரங்கத் சென்று, அங்கிருந்து வடக்கே மோட்டாரில் பயணம் செய்தோம். குகையையும் சேற்று எரிமலையையும் இழந்தோம் என்பது மெய்தான். என் இளைய மகளுக்கு அந்தக் குறை இன்னும் தீரவில்லை. பாராடாங்கிற்கு மட்டும் போக விரும்புவோர்க்காக 2017-இல் கடல்வழிப் படகும் தொடங்கப்பட்டது. அது எந்நாளில் ஓடுகிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம்.

ரங்கத்திலிருந்து மாயாபந்தர் வரை வழி நெடுக வயல், பாக்குத் தோப்பு, மீண்டும் காடு. மாயாபந்தருக்கு அருகே வெபி என்னும் சிற்றூரில் காரென் மக்கள் வாழ்கிறார்கள். 1925-இல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கதைகளைக் கேட்டு வளர்ந்த என் மாமியார், அவ்வூர்ப் பாட்டி ஒருத்தியோடு ஹிந்தியும் கைச்சாடையுமாக அரைமணி நேரம் அளவளாவினார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "மருமகள்களைப் பற்றி" என்றார். என் மனைவி அப்பேச்சை மேலே வளர்த்தவில்லை.

செங்கப்பா பாலத்தைக் கடந்தால் வட அந்தமான். திக்லிபூர், தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் உழுது உண்டாக்கிய ஊர். நெல்லுக்கும் ஆரஞ்சுக்கும் பெயர் பெற்றது. அங்கே நிற்கிறது சேடில் சிகரம், 732 மீட்டர், நம் தீவுகளிலேயே உயர்ந்தது. சிம்லாவின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சிம்லாவுக்கு வண்டி போகும், இங்கே கால்தான் போகவேண்டும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். முதலில் கடலோரமாகவே நடந்து, பின்னர் அடர்ந்த காட்டில் செங்குத்தாக ஏறவேண்டும். வனத்துறைச் சாவடியில் பெயர் பதிந்துகொண்டு காலையிலேயே புறப்படுங்கள். டிசம்பரில் இங்கே மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதைத் தாயகத்திலிருந்து வந்த விருந்தினர்க்கு அழுத்திச் சொல்லவேண்டும். நானும் மகனும் மட்டும் உச்சி வரை ஏறினோம். மேலே மேகம் வந்து மூடிக்கொண்டது. சட்டை நனைந்து, உடம்பு லேசாக நடுங்கியது. "இதுதான் இமயக் குளிரா?" என்று கேட்டான். அதன் கடைசிச் சொட்டு என்றேன். இச்சிகரத்துப் பகுதியில் பிறக்கும் கல்போங் ஆற்றில்தான் நம் தீவுகளின் நீர்மின் நிலையம் இயங்குகிறது, 5.25 மெகாவாட்.

அன்றிரவு காலிப்பூர்க் கடற்கரையில், விளக்கில்லாமல், காவலர் சொன்ன இடத்தில் வாய்மூடி அமர்ந்திருந்தோம். டிசம்பர் தொடங்கி ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவம். பத்து மணிக்குமேல் ஒன்று வந்தது. அது மணலைத் தோண்டிய ஓசை, அலையோசைக்கிடையிலும் தெளிவாகக் கேட்டது. என் மகள் அரை மணி நேரம் பேசாமலிருந்தது எங்கள் குடும்ப வரலாற்றில் அதுவே முதல் முறை.

திரும்புகாலில் ஏரியல் பே துறையிலிருந்து கப்பலேறினோம். சீட்டுகள் சில நாட்களுக்கு முன்புதான் விற்பனைக்கு வரும். தீவுவாசி அட்டையை மறவாமல் எடுத்துச் செல்க. கம்பளி வேண்டாம், குடை வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் எட்டிப் பார்க்கும். உப்பங்கழி முதலைகள் உள்ள இடங்களில் வனத்துறையாரைக் கேளாமல் குழந்தைகளை நீரில் இறக்கவேண்டாம். திக்லிபூர்ச் சந்தையில் ஆரஞ்சு வாங்குவோர் கூடையை நன்றாகக் கட்டிக் கொள்ளுங்கள். எங்களுடையது கப்பல் ஆட்டத்தில் அவிழ்ந்து, பாதிப் பழங்கள் அடுத்த கட்டில்காரர்களுக்கே பலகாரமாயின.