பேசாப் படம் பேசியபோது: சாப்ளின் காட்டிய மொழிநெறி

திரைப்பட வரலாற்றை ஊமைப்படக் காலம், பேசும்படக் காலம் எனப் பகுப்பது வழக்கம். 1927 அக்டோபரில் நியூயார்க்கில் திரையிடப்பட்ட ‘தி ஜாஸ் சிங்கர்’ இவ்விரண்டுக்கும் எல்லைக்கல்லாகக் கொள்ளப்படுகிறது. அப்படத்தில் சில காட்சிகளிலேயே பாட்டும் பேச்சும் ஒலித்தன. எனினும், அடுத்த சில ஆண்டுகளில் ஹாலிவுட் முழுவதும் பேசத் தொடங்கிவிட்டது. இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப வளர்ச்சியாகவே பலரும் விளக்குவர். மொழியியல் நோக்கில் இதனை ஒரு மொழி நிகழ்வாகவும் காணவேண்டும் என நாம் கருதுகிறோம்.

ஊமைப்படம் மொழியே இல்லாத கலையன்று. காட்சிகளுக்கிடையே எழுத்து அட்டைகள் தோன்றின. அவற்றை மட்டும் மாற்றியமைத்தால் ஒரே படம் பல நாடுகளிலும் ஓடியது. ஜப்பானில் ‘பென்ஷி’ எனப்பட்ட கதைசொல்லிகள் திரையருகே இருந்து பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தனர்; புகழ்பெற்ற பென்ஷிகளின் குரலைக் கேட்பதற்கென்றே மக்கள் திரண்டனர். பேசும்படம் பரவியதும் அவர்கள் வாழ்விழந்தனர். இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் ஹெய்கோ அவர்களுள் ஒருவர். பென்ஷிகளின் வேலைநிறுத்தத்தில் முன்னின்ற அவர், 1933இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். காலமாற்றம் என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குள் இத்தகைய மனிதர்களும் அடங்குவர்.

இம்மாற்றத்தை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் சார்லி சாப்ளின். 1914 முதல் அவர் ஏற்ற நாடோடி வேடம் எம்மொழிக்கும் உரியதன்று. ஆதலால் எல்லா மொழியினரும் அவனைத் தம்மவனாகக் கொண்டனர். தொல்காப்பியர் வகுத்த நகை, அழுகை, இளிவரல், அச்சம் முதலிய மெய்ப்பாடுகளே அவனுக்கு மொழியாயின. அவன் வாய் திறந்து ஆங்கிலம் பேசியிருந்தால், ஒரு நாட்டுக்கும் ஒரு வட்டாரத்துக்கும் உரியவனாகச் சுருங்கியிருப்பான்.

சாப்ளின் பேச்சை அணுகிய முறை மூன்று படிகளைக் கொண்டது. 1931இல் வெளிவந்த ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் இசை உண்டு, உரையாடல் இல்லை. தொடக்கக் காட்சியில் மேடையேறிப் பேசுவோரின் வாயிலிருந்து பொருளற்ற கீச்சொலியே எழுகிறது. 1936இல் வந்த ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் நாடோடி முதன்முறையாகப் பாடுகிறான். பாட்டின் வரிகளை எழுதிவைத்த சட்டைக் கைப்பட்டை பறந்துவிட, இத்தாலியம் போலவும் பிரெஞ்சு போலவும் ஒலிக்கும் போலிச் சொற்களைப் புனைகிறான். சொல்லுக்குப் பொருளில்லை; கதையோ அனைவருக்கும் புரிகிறது. 1940இல் வந்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் சர்வாதிகாரியாகத் தோன்றும் சாப்ளின், போலி ஜெர்மானிய மொழியில் முழங்குகிறார். அதே படத்தின் இறுதியில், முடிதிருத்துநராக நின்று மனித நேயத்தைத் தெளிவான ஆங்கிலத்தில் எடுத்துரைக்கிறார்.

இவ்விரு போலி மொழிகளையும் ஒப்பிட்டு நோக்குக. இரண்டிலும் பொருளைச் சுமப்பவை குரலின் ஏற்ற இறக்கமும் அழுத்தமும் நிறுத்தமும் மெய்ப்பாடுமே. முன்னதில் அவை சிரிப்பை விளைவித்தன. பின்னதில், பொருளற்ற முழக்கமும் கூட்டத்தை ஆட்டுவிக்கக்கூடும் என எச்சரித்தன. அம்முழக்கத்துக்கு மறுமொழியாகப் பொருளுடைய சொல் தேவைப்பட்டது. ஆகவே, கால் நூற்றாண்டாகப் பேச்சைத் தவிர்த்த கலைஞர் பேசினார்.

ஆசிரியர்கள் இக்காட்சிகளை வகுப்பறையில் முதலில் ஒலியின்றியும், பின்னர் ஒலியுடனும் காட்டலாம். உடல் சொன்னது எது, குரல் சொன்னது எது, சொல் சொன்னது எது என மாணவர் பிரித்துக் கூறட்டும். எதைச் சொல்லாமல் உணர்த்தலாம், எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்னும் தெளிவு மொழிக்கல்வியின் இன்றியமையாப் பயனாகும்.